பத்து மணி

விசுவமடுச் சந்தி தாண்டி மூண்டாவது மின்கம்பம்.
அதுக்குக் கீழ என்ர ஒட்டுக்கடை.
ரியூப் அமிழ்த்திப் பாக்கிற தண்ணிச் சட்டி,
பக்கத்தில பழைய லொறி ரயர்,
ரயருக்குள்ள மடிச்ச சாக்கு,
சாக்கில யதுமிகா.
பத்து மாதமும் நாலு நாளும்.

தாய் விடிய அஞ்சரைக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில ஏறிவிடுவாள்.
பிறகு பின்னேரம் ஆறு மணி மட்டும்
நானும் பிள்ளையும்
பரந்தன் வீதியில கிடக்கிற ஆணியளும்தான்.

காத்துப் போனவை நிண்டுதான் ஆகவேணும்.
நிக்கிற கை சும்மா இராது.
ஒருத்தர் மாரி பிஸ்கட். ஒருத்தி பப்பாசிக் கீலம்.
பள்ளிக்கூடம் விட்டு வாற பெடியன் பாதி சூப்பின ரொபி
(அதை நான் பறிச்சன், ரெண்டு பேரும் அழுதினம்).
ஆனி பிறந்தால் காட்டால வாறவையின்ர பாலைப்பழம்:
கொட்டை எடுத்து நசிச்சுக் குடுத்தால்
பால் ஒட்டி உதடு ரெண்டும் பிரியாது.

மத்தியானம் சோறும் பருப்பும் கீரையும் குழைச்சுக்கொண்டு இருந்தால்
வால்வு இறுகின மாதிரி வாய்.
காகம் காட்டினன், பஸ் காட்டினன்,
ஆமிக்காரன் போறான் எண்டும் காட்டினன்.
திறக்கேல்லை.

கிளினிக் அட்டையில கோடு
மூண்டு மாதமாய்ப் படுத்துக் கிடக்குது.
குடும்பநல மாது ஜெசிந்தா அதைப் பேனையால தட்டினா.
"மூண்டு நேரச் சாப்பாடு. அதுதான் சாப்பாடு.
இடையில கேட்டால் ஒருக்கா, மிஞ்சினால் ரெண்டு தரம்,
கொஞ்சமாய். கேட்டால்."
"கதைக்கத் தெரியாதது எப்பிடி மிசி கேக்கும்?"
"நீர் வாயைப் பாக்கிறீர். கையைப் பாரும்"
எண்டுபோட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டா.

இடையில.
திரும்பி வாற வழியெல்லாம் அந்தச் சொல்லைத்தான் மிதிச்சன்.
இடை எண்டால் ரெண்டு பக்கமும் ஏதாவது இருக்கவேணும்.
எனக்கு ஒன்பது வயசில
ஒரு மாசியும் பங்குனியும் சித்திரையும்
இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை,
முழுக்க இடைதான்.
அதுக்கு மேல அதை நான் ஒருத்தருக்கும் சொல்லுறதில்லை.
ஆனால் ஒருவர் பிள்ளைக்கு நீட்டுற பிஸ்கட்டை
வேண்டாம் எண்டு சொல்ல
என்ர நாக்குக்கு வராது.

இரவு ரஜிந்தினிக்குச் சொன்னன்.
அவள் சட்டை தோய்ச்சுக்கொண்டு, திரும்பாமல்,
"எனக்குப் பத்து மணிக்கெண்டால்
மெஷினில இருக்கேக்க பால் ஊறுது.
துண்டு மடிச்சு வச்சுக்கொண்டு தைக்கிறன்.
பத்துக்குக் குடுங்கோ. மற்ற நேரம் வேண்டாம்."
மிசியின்ர பேனையைவிட
அது எனக்குச் சரியாய்ப் பட்டுது.

காட்போட் மட்டையில எழுதி ரயரில கட்டினன்:
பிள்ளைக்குத் தின்ன ஒண்டும் குடுக்கவேண்டாம்.

அடுத்த நாள் விறகு ஏத்திற அருளப்பு வந்தார்.
அவற்ற சைக்கிளில ஒருநாளும் காத்துப் போறதில்லை.
வருவார், ஒரு பிஸ்கட் குடுப்பார்,
அவள் கடிக்கிறதைப் பாப்பார், போவார்.
மட்டையை எழுத்துக் கூட்டி வாசிச்சார்.
சேட்டுப் பொக்கற்றால பாதி வெளிய வந்த பக்கற்
திரும்ப உள்ள போச்சு.
நான் ஒரு ரிம்மைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.
"அண்ணை, பத்து மணிக்கு வாங்கோவன்."
ஏன் எண்டு கேக்கேல்லை.
"பத்து" எண்டார், வெயிலை அண்ணாந்து பாத்தார், போனார்.

இப்ப ஒரு கிழமை.
வத்தாளை அவிச்சு நானும் கிண்ணத்தில வச்சிருக்கிறன்.
மத்தியானச் சோறு எட்டு வாய் போகுது,
நேற்றுப் பதினொண்டு,
ஞாயிறு மூண்டுதான், ஏனெண்டு தெரியேல்லை.

இண்டைக்குப் பத்தேகால் ஆச்சு.
அருளப்பரைக் காணேல்லை.
வத்தாளையை நசிச்சு நீட்டினன். வாங்கினாள்.
தின்னேல்லை.
விரலுக்கால பிதுங்கப் பிதுங்கப் பிடிச்சு
வீதிப் பக்கமாய் நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

மிசி,
நான் கையைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்.