மூன்றாம் குழாய்

மாசத்தில் ஒரு தடவை, இரண்டாம் செவ்வாய்,
பதினாலாம் நம்பர் மலைக்குப் போவேன்.
அளவுநாடா, ஐஸ் பெட்டி, உப்பைக் காட்டும் கருவி,
ஒரு பென்சில். பேனை இந்த மழைக்கு நிற்காது.

முதலாம் குழாய் மேலே, சவுக்கு மரங்களுக்குள்.
குப்பையைப் பார்த்திராத தண்ணீர்.
ஒன்பது மீற்றரில் நாடா கீச்சென்று கத்தும்,
கருவி அறுபத்திரண்டு என்னும்.
எழுதிவிட்டு அங்கே கொஞ்சம் உட்காருவேன்.

இரண்டாவது குப்பையின் ஓரம்.
லன்ச்ஷீட், ரெஜிஃபோம், மீன்கடைப் பெட்டி,
ஹோட்டல்காரர் கட்டி அனுப்பும் நேற்றைய சோறு.
இரண்டு கைக்கும் வேலை இருப்பதால்
மூக்கைப் பொத்த வழியில்லை.

மூன்றாவதுதான் கீழே,
இடிந்த கொழுந்து மடுவத்துக்கும்
கீழ்க்கணக்குப் பீலிக்கும் நடுவில்.
"கெட்டுப்போனால் முதலில் இது சொல்லும்"
என்று இடம் காட்டியவர் இஞ்சினியர் எக்கநாயக்க.
மாற்றலாகி அனுராதபுரம் போய்விட்டார்.
அங்கே வேறு தண்ணீர், வேறு வியாதி.

சொல்லத்தான் சொன்னது.
தையில் நூற்றுப்பத்து.
கச்சான் தொடங்குமுன் இருநூற்று நாற்பது.
ஆனி மழையில் நிலத்துத் தண்ணீர் எழும்பி வந்து
குப்பையின் அடிவயிற்றைத் தொட்டுத் திரும்பிய மாசம்
அறுநூற்றெண்பது.
கருவியைக் கழுவினேன், துடைத்தேன்.
மறுபடி அறுநூற்றெண்பது.

பீலியில் மஞ்சள் எண்ணெய்க் கேனை நிமிர்த்தி வைத்துவிட்டு
சந்தனமேரி கேட்டாள்:
"என்னா சொல்லுது தண்ணி?"

என் வேலைக் கடிதத்தில் ஒரு வரி உண்டு.
முடிவுகளை வெளியாருக்குத் தெரிவிக்கலாகாது.
இந்த ஊற்றைக் குடித்தே வளர்ந்தவள் வெளியாள்,
நேற்று லொறியில் வந்திறங்கிய பம்பர்ஸ் உள்ளாள்.

"ரிப்போர்ட் வரும்" என்றேன்.

"பிளேன்டீ ஊத்துனா மை மாதிரி கறுத்துப்போவுது.
சாயமில்ல அது. மேல ஏடு கட்டுது,
நெய் மாதிரி மினுங்குது.
தூளை மாத்திப் பாத்தாச்சு, கேத்தலையும் மாத்தியாச்சு.
இன்னும் எதை மாத்த?"

என் கருவிக்கு இரும்பு தெரியாது.
அவள் கிளாசுக்குத் தெரிந்திருந்தது.
என் பையில் டவுன் தண்ணீர்ப் போத்தல்.
அவள் அதைப் பார்த்தாள்,
பிறகு கேனைப் பார்த்தாள்.

ஆவணியில் பெக்கோ வந்தது.
சீசனுக்குக் கூட்டம் கூடுகிறதாம், இடம் போதாதாம்.
இரண்டு ஏக்கர் கீழ்நோக்கிக் கூட்டினார்கள்.

இந்தச் செவ்வாய் போனால்
மூன்றாம் குழாயைக் காணோம்.
சிவப்பு மூடி போட்டது, இடுப்பளவு உயரம்,
காணாமல் போகக்கூடிய சாமான் இல்லை.
மடுவத்து மூலைக்கல்லிலிருந்து
பதினெட்டு அடி எண்ணி நடந்தேன்.
பன்னிரண்டாவது அடியிலேயே குப்பை.
"ஏதோ ஒண்ணு சங்கிலியில மாட்டிச்சு அண்ணே,
நான் வேலின்னு நெனைச்சேன்" என்றான்
பெக்கோக்காரன் துஷ்யந்தன். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

அலுவலகத்துக்கு அடித்தேன்.
"அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுங்க."
போட்டேன்.
அறுநூற்றெண்பதுக்குக் கீழே
ஒரு சின்னக் கோடு,
பூச்சியத்தைவிடச் சுத்தமாக.

கீழே இறங்கினேன்.
சந்தனமேரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.
"ஒரு பிளேன்டீ தர்றீங்களா?"
சிரித்தாள். "குடிக்கவா?"
"பார்க்க."

ஜன்னல் கட்டையில் கிளாசை வைத்தாள்.
மணிக்கூட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன்.
ஆறு ஐம்பது: ஊற்றியது, செம்மை.
ஆறு ஐம்பத்திரண்டு: விளிம்பில் ஊதா.
ஆறு ஐம்பத்தைந்து:
அடியில் கிடந்த தூள் தெரியவில்லை.

படிவத்தை எடுத்து, அந்தக் கோட்டின் மேலேயே
கறுப்பு என்று எழுதினேன்.
அதற்கு என்ன அலகு என்று
திங்கட்கிழமை கேட்பார்கள்.

அவள் தன் கிளாசை எடுத்து,
ஏட்டை ஊதி ஒதுக்கிவிட்டு,
நின்றபடியே குடித்தாள்.
பெரட்டுக்கு நேரமாகிவிட்டது.