எடைமேடை

லோரி உள்ளே வரும்போது ஒரு முறை,
குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு முறை.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழம்.
பதின்மூன்று வருஷமாக எனக்கு இதுதான் வேலை,
ஏழாங்கட்டை செம்பனை ஆலையில்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

ஓட்டுநர் இறங்கி நிற்க வேண்டும், அது சட்டம்.
குலைக்கடியில் மணல் மறைத்து வந்தவர்களை
நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.
மறைத்ததன் எடை எனக்குத் தெரியும்.

படிவம் இரண்டில்
கஸ்தூரியின் பின்னல் என் மேசைமேல் விழுந்து கிடந்த
கணக்குப் பாடம் முழுக்க
நான் பென்சிலை அசைக்கவில்லை.
பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி
இடைவேளையில் என்னைப் 'பெங்கிட்' என்றாள்.
மலாயில் சொன்னாள்.
என்னை ஏசக்கூட
தமிழில் அவளுக்கு ஒரு சொல் அகப்படவில்லை.
அன்றிலிருந்து முடி வளர்த்தேன்.

இருபத்தாறு வயதில், ஆலை மூடியிருந்த ஒரு ஞாயிறு,
செருப்பைக் கழற்றிவிட்டு
மேடையில் தனியாக ஏறி நின்றேன்.
நாற்பது டன் தாங்கும் இரும்பு,
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
கிளினிக்கில் நான் ஐம்பத்தெட்டு.
வெளிப் பலகையில் சிவப்பாக, அறுபது.
இருப்பதைவிட இரண்டு கிலோ
அதிகமாகவே இருக்கிறாய் என்றது அந்த எந்திரம்.
யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை.

அந்தோணியம்மா வந்தது நாலு வருஷம் கழித்து.
புதன்கிழமை பாசார் மாலாமில் அப்பம் பாலேக் போடுகிறவள்.
பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்க
மிச்சச் சில்லறையை என் உள்ளங்கையில்
ஒவ்வொரு காசாக எண்ணி வைத்தாள்.
எண்ணி முடித்த பிறகும்
கையை எடுக்க யாருக்கும் அவசரமில்லை.

ஒரு ஞாயிறு அவளையும் மேடைக்குக் கூட்டி வந்தேன்.
அவள் எழுபத்தொன்று, நான் ஐம்பத்தெட்டு.
பலகை நூற்று முப்பது காட்டியது.
"அந்த மிச்ச ஒரு கிலோ யாரு?" என்றாள்.
நாங்கள் சிரித்த சிரிப்புக்கு
ஜாகாவின் நாய் எழுந்து குரைத்தது.

ஒரே தெரு டவுன் இது.
நாலு நம்பர் கடையில் காலையில் சொன்னது
மதியம் கோயில் வாசலில் கேட்கும்.
அப்பா எப்போது கேட்பார் என்பதுதான் பாக்கி.

அப்பாவுக்கும் லோரிதான். 17,840 ஏற்றி வந்தார்,
8,260 ஆகத் திரும்பி மேடையில் நின்றார்.
மழை. இறங்கச் சொல்லவில்லை.
சீட்டை எடுத்துக்கொண்டு நானே படியில் ஏறினேன்.
ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து
பெண் பார்க்க வருகிறார்கள்.

"அவங்கள வர வேணாம்னு சொல்லுங்கப்பா.
அந்தோணியம்மா என் கூட்டாளி இல்ல.
நான் அவகூடத்தான் இருக்கப் போறேன்.
பொண்ணா பொறந்து பொண்ணத்தான் எனக்குப் புடிக்குது.
சின்ன வயசிலேருந்தே."

வைப்பர் போய் வந்தது. போய் வந்தது.
கண்ணாடியில் தெரிந்த பலகையைப் பார்த்தேன்:
சொன்ன பிறகும் ஒரு பத்துகூடக் குறையவில்லை.

"காலி எடை எவ்ளோ?" என்றார்.
சொன்னேன்.
கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரவில்லை.

பத்தொன்பது நாள்.
மேடையின் நட்டநடுவில் நிறுத்துவார், இறங்குவார்,
சுவரைப் பார்த்து நிற்பார்,
சீட்டை வாங்குவார்.
பட்டர்வொர்த்துக்காரர்கள் வரவில்லை. ஏன் என்று
வீட்டில் யாரும் விளக்கவும் இல்லை.

இருபதாம் நாள் கேபினிலிருந்தே கேட்டார்:
"அந்தப் புள்ள குடைக்கடிதான கடை போடுது?"
ஆமாம் என்றேன்.
"பின்னால ஒரு தார்ப்பாய் கெடக்கு. எறக்கிக்க.
இந்த மாசம் பூரா மழதான்."

இப்போது அதற்கடியில்தான் நாங்கள் மாவு ஊற்றுகிறோம்.
செம்பனை எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை.
ஓரத்தில் ஒரு ஓட்டை,
சரியாகச் சீனி டின்னுக்கு மேலே.
புதன்தோறும் டின்னை நகர்த்தி வைக்கிறாள் அவள்.
ஓட்டையை அடைக்கச் சொல்லி
அப்பாவிடம் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை.
அது அடுத்த லோரி.