மூடிச் சுவிட்ச்

ஐப்பசி மழை, நாலாம் நாள்.
நொய்யல் பாலத்தடியில் நுரை கட்டிப் போகிறது.
மின்விசிறிக்கு அடியில்
ரெண்டு பாவாடை, நாலு சட்டை,
பையனின் யூனிஃபார்ம்
தலைகீழாய்த் தொங்குகின்றன.
டிரையர் மட்டும்
குமிழைத் திருகினால்
டிக்கு டிக்கென்று நேரத்தை ஓட்டுகிறதே தவிர
சுற்றமாட்டேன் என்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருப்பிப் போட்டேன்.
பின்பலகையில் ஆறு திருகு.
ஒன்று துருவேறிக் கிடந்தது.
தேங்காயெண்ணெய் விட்டு
ஒரு சீரியல் முடியும்வரை காத்திருந்தேன்.
உள்ளே பல்லிமுட்டை ரெண்டு,
என் தலைமுடியில் ஒட்டி
வீடுவரை வந்த கம்பெனிப் பஞ்சு.
மோட்டாருக்கு ஒன்றுமில்லை.
பிரேக் கட்டைதான்
தேய்ந்த அழிரப்பர் மாதிரி வழவழவென்றிருந்தது.
மூடிக்கு அடியில்
பெருவிரல் நகத்தளவு சுவிட்ச் ஒன்று,
நாக்கு ஒடிந்து.

புதுமார்க்கெட் வீதிக் கடைக்காரர்
அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"இதுக்கேனுங்க இத்தன அலைச்சல்?
ரெண்டு ஒயரயும் சேத்து முறுக்கி
டேப்பச் சுத்தி உட்டுருங்க.
பார்ட்டு கோயமுத்தூர்ல இருந்து வரோணும்,
ரெண்டு நாளாகும், நூத்தியெம்பது ரூவா.
அல்லாரும் டைரக்ட்தானுங்க குடுக்கறாங்க.
நிக்காம ஓடும்."

நிக்காம ஓடும்.

சாயப்பட்டறையில் எங்கள் பிழிமிஷின்
இடுப்புயரம், கிணற்று வாய் அகலம்.
மூடியைத் தூக்கினால் நிற்கிற மாதிரி
செய்து அனுப்பியிருந்தான் எவனோ ஒரு புண்ணியவான்.
லோடுக்கு ரெண்டு நிமிஷம் மிச்சமென்று
கட்டுக்கம்பி போட்டு
அந்த நாக்கை அமுக்கிக் கட்டிவிட்டார்கள்.

'கட்டிவிட்டார்கள்' என்றுதான் வாய் வருகிறது.
குறடு எடுத்துக் கொடுத்தவள் நான்.

நின்றுவிட்டதென்று நினைத்துத்தான்
வேலாத்தாக்கா துணியைத் தொட்டாள்.
இடதுகை, மூணு விரல்.
நேவி புளூ லோடு என்பதால்
முதலில் ஒன்றும் தெரியவில்லை.
அதை மறுசாயம் போட்டார்கள்.
கப்பல் தேதி தவறவில்லை.

"வரட்டுங்க, காத்திருக்கறனுங்க" என்றேன் கடைக்காரரிடம்.

ரெண்டு நாள்
குக்கர் மூடிமேல் சாக்ஸ் காய்ந்தது.
முகிலன் ஈரக் காலரோடு பள்ளிக்கூடம் போய்
தும்மிக்கொண்டு வந்து
என்னைத் திட்டினான்.
வந்த சுவிட்சும் வேறு கம்பெனி அச்சு,
திருகு ஓட்டை அரை நூல் தள்ளியிருந்தது.
அரத்தை எடுத்து ராவினேன்.
பையன் போன் வெளிச்சம் பிடித்தான்.
மெசேஜ் வரும்போதெல்லாம்
வெளிச்சம் கூரைக்கு ஏறிவிடும்,
என் கை இருட்டில் கிடக்கும்.
பிரேக் கட்டையை மாட்டி
கம்பியை இழுத்துக் கொக்கியில் கோத்து
பின்பலகையை மூடினால்
ஒரு திருகு மீந்திருந்தது.
கழற்றியது ஆறு, மாட்டியதும் ஆறு.
ஏழாவது எங்கிருந்து வந்ததென்று
இன்றைக்குவரை தெரியாது.

ஓடவிட்டேன், மூடியைத் தூக்கினேன்.
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.
நின்றது.
மறுபடி ஓடவிட்டேன், தூக்கினேன்.
மறுபடி நாலு.
துணியே போடாமல் பதினோரு தடவை.
"கரண்டு பில்லும்மா" என்றான் முகிலன்.

திங்கட்கிழமை டீ நேரத்தில்
லேபிள் பிரிவுக்குப் போனேன்.
வேலாத்தாக்காவுக்கு இப்போது அங்கேதான் வேலை.
மடியில் சைஸ் ஸ்டிக்கர்களைக் கொட்டி
எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள்.
டிரையரை நானே சரி பண்ணிவிட்டேன் என்றேன்.
என்ன செலவு என்று கேட்கவில்லை.
"மூடிச் சுவிட்ச்சு?"
"போட்டனக்கா."
"எத்தனையில நிக்குது?"
"நாலு."
சரியென்று தலையாட்டிவிட்டு
அங்கிருந்தே தொடர்ந்தாள்,
அஞ்சு, ஆறு, ஏழு.