அறுநூறு கிராம்

மாவு நிறுக்கும் தராசில்
கோடரி படுத்திருக்கிறது.
கைப்பிடி மேசை விளிம்பைத் தாண்டி நீள்வதால்
எண்கள் நிலைகொள்ளாமல் ஓடுகின்றன.
ஒரு விரலால் தாங்கிப் பிடிக்கிறான் தோர்கெல்,
எடையைக் குறைத்துக் காட்டும் விரல்.
விரலை எடு, என்கிறேன்.
ஆயிரத்து நானூறு.

நான்கு இரவுகள். பக்கத்துச் சாலைக்கு
இருபத்திரண்டு கிலோமீட்டர் சதுப்பு.
நிற்கும் மரத்தைத் தொடப்போவதில்லை,
காற்று சாய்த்ததைப் பொறுக்கத்தான் போகிறோம்.
பொறுக்குவதற்கு எதற்கு இத்தனை இரும்பு?

யெம்ட்லாந்தின் செப்டம்பரை மறந்துவிட்டாய், இல்வா.
நனைந்த பிர்ச்சுக்குள் உலர்ந்த நெஞ்சு இருக்கும்,
பிளக்காமல் அது வெளியே வராது.

சரிதான்.
ஆனால் நீள்பிடிக் கோடரி குறி தவறினால் மண்ணில் இறங்கும்.
குட்டைப்பிடி தவறினால் முழங்காலைத் தேடி வரும்.
மடக்கு ரம்பம் கட்டைவிரல் தோலோடு நின்றுவிடும்.
கருவியைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லிக்கொண்டு
காயத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்
இந்த மேசைமேல்,
பாதி அறுத்த ரொட்டிக்குப் பக்கத்தில்.

ரம்பம், இருநூற்றைம்பது. பற்களுக்கு நடுவே
போன வருடத்துப் பைன் பிசின்.
கத்தி, உறையோடு நூற்றுப்பத்து.
அவ்வளவுதான் என்று முடித்தேன்.
கைக்கோடரியைச் சுவர் ஆணியில் மாட்டினான்,
மாட்டிய சத்தம் எனக்குக் கேட்கும்படி.

மூன்றாம் இரவு.
பகல் முழுக்கப் பெய்து
ஏரியும் கரையும் ஒரே சாம்பல்.
ஈரக்கட்டையில் பாதிவழி போன ரம்பத்தை
மரம் கவ்விக்கொண்டது.
இழுத்தால் வளைகிறது, தள்ளினால் முனகுகிறது.
எப்படியோ ஒரு துண்டை அறுத்தெடுத்து
கத்தியை வைத்துத் தடியால் தட்டினோம்.
தொடைப் பருமன் கட்டைக்கு அது
பல்குத்தும் குச்சி.

அப்போது எழுந்து போனான்.
தூக்கப் பையின் அடியில் கைவிட்டுத் துழாவி,
குடித்துவிட்டு வீடு திரும்பியவன் போல
என் முகம் பாராமல் வந்து நின்றான்
கையில் அறுநூறு கிராமோடு.

எதை விட்டுவிட்டு வந்தாய்?
மாற்றுக் காலுறைகளை.
இரண்டு ஜோடியையுமா?
ம்.
அவன் பூட்ஸுக்குள் சதுப்பு சளக் என்றது.

சிரிக்கக் கூடாதென்றுதான் இருந்தேன்.
மண்டியிட்டு வெட்டு, என்றேன்,
தவறினால் அடியைத் தரை வாங்கிக்கொள்ளும்.
மண்டியிட்டான். நான்காவது வெட்டில்
கட்டை வாய்பிளந்தது.
உள்ளே வெண்ணெய் நிறம்,
மழை என்று ஒன்று பெய்ததே தெரியாத நிறம்.
சிராய்களைச் சட்டைக்குள் அள்ளிக்கொண்டு ஓடினேன்.

தீ நின்று எரியத் தொடங்கியதும்
அவன் காலுறைகளைக் குச்சியில் மாட்டினேன்.
ஆவி பறந்தது. நாற்றமும்.
இடது பாதத்தில் இரண்டு கொப்புளம்.

ஆணியிலிருந்து அது மறுபடி இறங்கிய சத்தம்
புறப்பட்ட அன்று விடியுமுன்
எனக்குக் கேட்டிருந்தது.
தராசில் ஏற்றாமல்
பக்க அறையில் திணித்து வந்திருக்கிறேன்
இரண்டு சுருள் கட்டுத்துணி.

நாளை அதைத்தான் அவன் காலில் சுற்ற வேண்டும்
காலுறைக்குப் பதில்.