பத்து நிமிஷ இடைவேளைகளில் இனன்னா

ஐம்பது நிமிஷம் முழங்காலில்.
பத்து நிமிஷம் பாலை மரத்தின் கீழ்.
அந்தப் பத்துக்குள்தான் கேமலதா
சுமேரியத் தெய்வங்களை இறக்கிவைத்தாள்,
பிளேன்ரீ ஆறும் முன்,
துண்டு துண்டாய்.

வரலாறு படித்துப் பட்டம் எடுத்தவள்.
நாலு வருஷம் விண்ணப்பம் போட்டுக் களைத்து
இப்போது அம்பகாமம் காட்டோரம்
என் பக்கத்துப் பாதையில்
கண்ணிவெடி கிண்டுகிறாள்.

'மேல எல்லாம் இருந்தும்
கீழுலகத்துக்குக் காது குடுத்தவள் இனன்னா.'
அவர்களின் மொழியில்
காதுக்கும் அறிவுக்கும் ஒரே சொல்லாம்.
எங்களுக்கும் கேள்வி எண்டால் அதுதானே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
விசில்.
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
நானும் கீழே கேட்கப் போனேன்.

அடுத்த இடைவேளையில் ஏழு வாசல்.
முதல் வாசலில் முடி.
இரண்டாவதில் கழுத்து நீலமணி.
ஏன் என்று கேட்டால் காவல்காரன் சொல்வான்:
'பேசாத. இஞ்சத்த முறை இதுதான்.'
ரஜிதமணி சிரித்தாள்.
'ஓமந்தையில எங்களுக்கும்
அதைத்தானே சொன்னவங்கள்.'

எங்கள் வாசலில் கழற்றுவதும் உண்டு, பூட்டுவதும் உண்டு.
தோடும் மோதிரமும் போனும் பெட்டிக்குள்.
பிறகு கவச அங்கி, முகத்துக்குக் கண்ணாடி,
நெஞ்சில் இரத்த வகை எழுதிய அட்டை.
ஆறாம் வாசலில் இனன்னா விட்டது
அளவுகோலும் கயிறுமாம்.
அதை மட்டும் எங்களிடம் எவரும் பறிப்பதில்லை.
கோல் வைத்து அளக்காமல்
ஒரு சாண் நகர விடமாட்டார்கள்.

ஏழாவதில் உடுப்பு.
உள்ளே சொந்த அக்கா, எரெஷ்கிகால்.
ஒரு பார்வை.
பிணத்தைச் சுவரில் ஆணியில் மாட்டினார்கள்.

'அம்மாளாச்சியை ஆணியிலயோ!'
வற்றாப்பளையில் உப்புநீரில் விளக்கெரியக்
கண்டு வளர்ந்த ரஜிதமணி
அன்று முழுக்கச் சுமேரியரோடு கதைக்கவில்லை.

மூன்று நாள் மழை. வேலை இல்லை.
இனன்னா ஆணியிலேயே இருந்தாள்.

நாலாம் நாள் சேறு காயாத களத்தில் மீதிக் கதை.
நின்சுபூர், அவளுடைய தோழி,
மேளம் அடித்து முகம் கீறி அழுதுகொண்டு
மூன்று தெய்வங்களின் வாசலுக்குப் போனாள்.
இரண்டு பேர் சொன்னார்கள்,
'தானாப் போனவள்தானே.'
மூன்றாவது என்கி, தண்ணீருக்குச் சொந்தக்காரன்,
தன் நகத்தின் கீழ் அழுக்கைக் கிள்ளி
இரண்டு உயிர் பிடித்தான்.
ஆணுமில்லை, பெண்ணுமில்லை,
கதவிடுக்கால் ஈபோல நுழையும் அளவு.

எல்லாரும் எங்கள் நகத்தைப் பார்த்தோம்.

அங்கே எரெஷ்கிகால் பிள்ளை பெற்றவளைப்போல
முறிந்து கிடக்கிறாள்.
'ஐயோ, என்ர உள்ளெல்லாம்.'
'ஐயோ, உங்கட உள்ளெல்லாம்.'
'ஐயோ, என்ர வெளியெல்லாம்.'
'ஐயோ, உங்கட வெளியெல்லாம்.'
அவ்வளவுதான். மருந்துமில்லை, மந்திரமுமில்லை.
அதற்கே அவள் இளகினாள்.
ஆறு நிறையத் தண்ணீர் தாறன் என்றாள்.
வேண்டாம்.
வயல் நிறையத் தானியம் தாறன்.
வேண்டாம்.
ஆணியில தொங்கிற அந்த உடம்பைத் தா.

கேமலதா அதோடு நிறுத்தினாள்.
அண்ணனின் பெயருக்கு வந்த நட்டஈட்டுப் படிவம்
இரண்டு வருஷமாய் அவள் பைக்குள்,
மடிப்பில் கிழிந்து.
விசில் ஊதவில்லை.
இன்னும் நாலு நிமிஷம் மிச்சமிருந்தது.
ஒருவரும் அதைத் தொடவில்லை.

பின்னேரம் என் பாதையில் கருவி கத்தியது.
கம்பு ஊன்றிப் பக்கவாட்டில் சுரண்டினேன்,
சிரட்டையில் வழிப்பதுபோல, மெதுவாய்,
வேர்வை கண்ணாடிக்குள் ஓட.
துருப்பிடித்த ஆணி.
நாலங்குலம். பாரம் தாங்கினதுபோல
ஒரு பக்கம் வளைந்தது.
குறிப்பேட்டில் எழுதினேன்:
உலோகத் துண்டு, ஒன்று.

இருபத்தைந்து மீற்றர் தள்ளித்
தலை நிமிராமல் கேட்டாள்,
'என்னடி அது?'
'ஆணி.'
'வெறும் ஆணியோ?'
'வெறும் ஆணி.'