அரை மதிப்பெண்

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, டயர் கடை மாடியில்,
ஈரம் ஊறிக் கதவு சாத்த முடியாத பாரில்
வியாழக்கிழமைதோறும் கேள்வி கேட்பவன் நான்.
மற்ற நாட்களில் ஸ்கூட்டர்களுக்கு இன்சூரன்ஸ் போடுகிறேன்.

பரிசு, ஒரு கிலோ தேயிலை.
கொல்லன் தெருவில் ஊசி விற்கிற இந்த யோசனை
முதலாளியுடையது. என்னைத் திட்ட வேண்டாம்.

விதிகள் இரண்டு.
போன்களை மேசை நடுவே கவிழ்த்து வைக்க வேண்டும்.
குறிஞ்சி எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்று
நான் கேட்கவே கூடாது.
(கேட்ட வாரம் ஒரு மிக்சர் தட்டு பறந்து வந்தது.)

'ஒன்பதாவது கொண்டை ஊசி' என்றால் டிரைவர்கள்.
'ஈர இலை' ஃபேக்டரி ஆட்கள்.
'அபராத வட்டி' கூட்டுறவு வங்கி.
நான்காவது மேசை பெயர் வைக்கவில்லை,
நானும் 'நான்காவது' என்றே எழுதிவருகிறேன்.

ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?
மூன்று, என்றார் பெள்ளிராஜ்.
ஒன்றுக்கே மாத்திரை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்றது
கவுண்டர் பக்கமிருந்து ஒரு குரல்.

மலை ரயிலுக்கு எத்தனை குகை?
பதினாறு, என்ற டேவிட்சன் தண்டவாளத்தில் வேலை பார்த்தவர்.
எந்தக் குகையில் எந்த இடத்தில் தண்ணீர் சொட்டும் என்பதையும்
விரல் மடக்கிச் சொன்னார்.
அதற்குத் தனி மார்க் கிடையாது.

கெட்டுப்போகாத உணவு? தேன்.
எல்லா மேசையும் சரி.

பதினேழாவது கேள்வி:
இலங்கையின் தலைநகர் எது?
பார்க்கச் சுலபம், உள்ளே பொறி.
எழுதியபோது எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"கொழும்பு," என்றார் சன்னாசி,
நான்காவது மேசையிலிருந்து, தாளில் எழுதாமல், சத்தமாக.
"தப்பு. ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே."
வங்கி மேசை கை தட்டியது.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.
குல்லாயைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டார்.
"எந்த வருஷத்துக் கேள்வி சார் இது?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் முட்டைக் கணக்குதான் இருந்தது.

"நான் கப்பல் ஏறினது எழுபத்தொண்ணு. ஒம்பது வயசு.
தலைமன்னார்ல எங்கப்பா பேரைத் தப்பாக் கூப்பிட்டாங்க,
சரின்னு ஏறிட்டோம்.
நாட்டுக்கு அப்ப சிலோன்னு பேரு.
தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சர்
மேப்புல குச்சி வெச்சுக் காட்டினது கொழும்பு.
நாங்க வந்த பெறகு மாத்தியிருந்தா
ஒரு கடுதாசி போட்டிருக்கணும்ல?"

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டார்கள்.

"பதில்னா இன்னைய தேதிக்குத்தான்," என்றார் வங்கி ஜெயசீலன்.
"அப்ப என் நகைக்கும் இன்னைய விலையைப் போடுங்க,"
டிரைவர் மேசையிலிருந்து வந்தது.
பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
இலங்கையைப் பற்றி இல்லை, நகையைப் பற்றி.

அப்போதுதான் கரண்ட் போனது.
திறந்த கதவு வழியாக மஞ்சு உள்ளே வந்து
காலி நாற்காலிகளில் உட்கார்ந்தது.
இருட்டில் சன்னாசி மட்டும்
ஆம்லெட்டை முடிக்கிற ஸ்பூன் சத்தம்.

வெளிச்சம் திரும்பியபோது
யாருடைய கிளாஸோ என் மார்க் தாளில் நின்றுகொண்டிருந்தது.
எடுத்தேன். நான்காவது மேசை, பதினேழாவது கட்டத்தில்
ஈரமாக ஒரு வட்டம்.
அதற்குள் அரை என்று எழுதினேன்.
இத்தனை வியாழக்கிழமையில் நான் அரை போட்டதில்லை.

அந்த அரையோடும் அவர்கள் கடைசிதான்.
ஜெயித்தது 'ஈர இலை'.
பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்த்தார்கள்,
அவர்கள் ஃபேக்டரியின் டஸ்ட்டேதான்.
மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.
சன்னாசி படியிறங்கும்போது கேட்டார்:
"அந்த கோட்டேங்கிறது கொழும்புலேருந்து எத்தனை மைலு?"
பக்கம்தான், என்றேன்.
"அப்படின்னா சரி."

அடுத்த வாரத் தாளை நேற்றிரவு எழுதினேன்.
ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில்
சின்னதாக வருஷம் போட்டிருக்கிறேன்,
தேனைப் பற்றிய கேள்விக்கும்கூட.