நாற்காலி எந்தப் பக்கம்

ஒசாகாவில் மழை. நிப்பொன்பாஷியில் ஐந்தாம் மாடி.
ஈரக் காதோடு இவற்றைத் தொடக் கூடாதென்று
துடைக்கத் தாள் நீட்டுகிறாள் கடைப்பெண் சிகுசா.
கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்பு வெல்வெட்டில்
ஜோடி ஜோடியாய் அவரை விதைகள்.
விலைச்சீட்டுகளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன்.
விலை தெரிந்தால் காது பொய் சொல்லும்.

என்னிடம் ஒரே ஒரு பதிவு.
செல்லோ மட்டும், நான்கு நிமிடம்.
மூன்றாம் நிமிடம் பன்னிரண்டாம் நொடியில்
வாசிப்பவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி
ஒரு முறை கிரீச்சிடும், இடப்பக்கமாக.
பத்தொன்பது வருடமாய்
அந்த நாற்காலியைக் கேட்டுத்தான் எதையும் வாங்குகிறேன்.

முதலாவது டைட்டானியம்.
அடிநாதம் மழைக்கு முந்தைய புழுக்கம்போல்
வந்து கவிகிறது. சுகம்தான்.
ஆனால் நாற்காலிக்கு மெத்தை தைத்துவிட்டார்கள்.

இரண்டாவது நீலப் பிசினில் வார்த்தது,
ஒரு காதுக்குப் பன்னிரண்டு டிரைவர்.
வில்லில் தேய்த்த குங்கிலியத்தின் தூள்
உதிர்வதைக்கூட எண்ணலாம்.
எண்ணினேன்.
எண்ணிக்கொண்டே இருந்ததில் செல்லோ எப்போது முடிந்ததென்று தெரியவில்லை;
நாற்காலியையும் மறந்துபோனேன்.
அவ்வளவு வெளிச்சம், பிணவறையில் போடுகிற வெளிச்சம்.

மூன்றாவது செம்பு. ஒற்றை டிரைவர்.
சிகுசா அதை இரண்டு கைகளாலும் எடுத்தாள்.
விலை அதிலேயே தெரிந்துவிட்டது.
மூச்சை இழுக்கிறார் செல்லோக்காரர்.
அறைக்குச் சுவர் இருக்கிறது,
சுவரில் எங்கோ ஒரு ஜன்னல், சாத்தியது.
இதோ பத்தாம் நொடி, பதினொன்று,
நாற்காலி

வரவில்லை.

பின்னோக்கி ஓட்டினேன். வரவில்லை.
'இடது பழுது' என்றேன், கொஞ்சம் கோபமாகவே.
அவள் மறுத்துப் பேசவில்லை.
இடதுக்கானதைத் தலைகீழாய்த் திருப்பி
என் வலது காதில் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள்.

கிரீச்.
நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்பதுவரை.

அப்புறம் டைட்டானியத்தை மாற்றிப் போட்டேன். நீலத்தை.
எட்டு வருடமாய்ச் சட்டைப்பையில் கிடக்கும் என் சொந்த ஜோடியையும்.
எல்லாவற்றிலும் நாற்காலி இருந்தது, வலது காதில்.
எதிலுமே இல்லை, இடது காதில்.

இருபத்தாறு வருடம் லிஃப்ட் மோட்டார்களுக்கு
வலப்பக்கம் நின்று வேலை செய்தவன் நான்.
மோட்டார் என் இடப்பக்கம்.
எதைச் சொன்னாலும் இந்தக் காதில் வாங்கி
அந்தக் காதில் விடுகிறாய் என்பாள் மினே.
விடுகிற காதுதான் முதலில் மூடியிருக்கிறது.
அவளிடம் இதை எப்படிச் சொல்வது?
எந்தப் பக்கம் உட்கார்ந்து?

சிகுசா கவிழ்த்த சீட்டுகளை நிமிர்த்தவில்லை.
காதும் காதும் வைத்த மாதிரி
பெட்டியைச் சாத்திவிட்டு
வேறு வாடிக்கையாளரைப் பார்க்கப் போனாள்.
சும்மா வெளியேற வெட்கமாய் இருந்தது.
எண்ணூறு யென்னுக்கு ரப்பர் முனைகள் வாங்கினேன்,
நடுத்தர அளவு, மூன்று ஜோடி.

கீழே இறங்க லிஃப்ட்.
மூன்றாம் மாடி தாண்டுகையில்
தண்டவாளத்தில் எங்கோ எண்ணெய் வறண்ட முனகல்.
கேட்டுவிட்டேன். உடனே கேட்டுவிட்டேன்.
யாராவது அடுத்த வாரம் வந்து பார்க்க வேண்டும்.

எந்தப் பக்கத்துத் தண்டவாளம் என்று அறிய
தலையைத் திருப்பினேன்,
இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.
தரைத்தளம் வந்துவிட்டது.